தண்ணீர்த் திமிர்

1

திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு திமிர் உண்டு. பணத்திமிர் இல்லை, படிப்புத் திமிரும் இல்லை. தண்ணீர்த் திமிர். பிறந்ததிலிருந்து தாமிரபரணியைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு வேறு எந்த ஊர்த் தண்ணீரும் தொண்டையில் இறங்காது. சென்னைக்குப் போய்விட்டு வந்தால் கடற்கரையைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். "தண்ணியா அது, கருமம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அதிலும் அம்பாசமுத்திரத்துக்காரி. ஆறு எங்கள் ஊரைப் பார்த்துவிட்டுத்தான் திருநெல்வேலிக்கே போகிறது. டவுன்காரர்கள் குடிப்பது நாங்கள் குளித்துவிட்ட மிச்சம் என்று பள்ளிக்கூட நாளிலேயே சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

அந்தத் திமிரோடுதான் கல்யாணமான புதிதில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினேன். தம்பானூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே ஒரு ஹோட்டல். நல்ல பசி. அத்தான் உள்ளே கூட்டிப்போனார். அத்தான் என்றால் என் வீட்டுக்காரர். சாலை பஜார் என்கிற கடைத்தெருவில் ஒரு மளிகை மொத்தக் கடையில் அப்போதிருந்தே கணக்கு எழுதுகிறவர். சர்வர் வந்து டக்கென்று ஒரு கண்ணாடித் தம்ளரை முன்னால் வைத்தார். உள்ளே சிவப்பாகத் தண்ணீர். ஆவி வேறு பறக்கிறது. வெளியே சித்திரை வெயில்.

"என்னது இது, துணி அலசுன தண்ணியக் கொண்டாந்து வைக்காக?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். சர்வர் நாகர்கோவில் பக்கத்துக்காரர் போல. சிரித்துக்கொண்டே, "பதிமுகம் போட்டுக் கொதிக்க வச்ச வெள்ளமாக்கும் அக்கா. ஒண்ணும் செய்யாது, தைரியமா குடியுங்கோ" என்றார். வெள்ளம் என்றால் இங்கே குடிக்கிற தண்ணீர். பதிமுகம் என்பது ஒரு மரத்தின் சீவல். ஒரு சிட்டிகை போட்டால் பானைத் தண்ணீர் முழுக்கச் சிவந்துவிடும். அன்றைக்கு நான் அதைத் தொடவில்லை. கரமனையில் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டுக்கு வந்து சேரும்வரை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. திமிர் அல்லவா!

இப்போது காலையில் எழுந்தால் முதல் வேலை பதிமுகத்தண்ணீர் கொதிக்க வைப்பதுதான். நிறமில்லாத தண்ணீரைப் பார்த்தால் எனக்கு எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது. இதை ஊரில் போய்ச் சொன்னால் என்னைச் சேர்க்க மாட்டார்கள், அதனால் சொல்வதில்லை. இன்றைக்கு எழுதக் காரணம், அப்பா எங்களோடு வந்து இந்த ஆவணியில் ஒரு வருஷம் ஆகிறது. வயதானவர்களுக்கு என்ன கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்று ஊரிலிருந்து தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வருஷத்தில் பட்டுத் தெரிந்ததுதான்.

2

அப்பா கோமதிநாயகம் பிள்ளை, ஊரில் அரிசிக் கடை வைத்திருந்தவர். நான் ஒரே பெண். அம்மா போன பிறகு அப்பா தனியாகவே பொங்கித் தின்றுகொண்டு இருந்தார். கேட்டால், "எனக்கென்ன குறை, ஆத்துல குளிக்கேன், சோத்தத் திங்கேன்" என்பார். ஒரு நாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து சத்தம் கேட்டுக் கதவைத் திறக்கும்வரை ஈரத்தில் அப்படியே கிடந்திருக்கிறார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றோடு நிம்மதி போயிற்று. அடுத்த ரயிலில் போய் நின்றேன்.

"ஒரு மாசம் இருந்துட்டு வந்துருவேன். மக வீட்டுல போயி உக்காந்துட்டான்னு ஊருல ஒருத்தன் பேசிரக்கூடாது" என்று சொல்லித்தான் கிளம்பினார். வீட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். பிடிவாதத்தில் அவர் மகள்தானே நான், பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

அவரைக் கூட்டி வரப் புறப்படுவதற்கு முன்னால் இங்கே வீட்டில் ஒரு கூட்டம் போட்டிருந்தேன். அத்தானும், ஊர் எல்லையில் கழக்கூட்டம் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். மகனுக்குத் தாத்தா பெயர்தான், நாயகம் என்று கூப்பிடுவோம்.

"இந்தா பாருங்க, ரெண்டு பேருக்கும் சொல்லுதேன். அப்பா இருக்கும்போது யாரும் தம்ளர்ல வாய் வச்சுக் குடிக்கப்படாது. இந்தச் செவப்புத் தண்ணி ஜக்கு அடுக்களைய விட்டு வெளிய வரக்கூடாது. அப்பாவுக்குக் கொதிக்க வச்சு ஆற வச்ச வெறுந்தண்ணி. நாம குடிச்சாலும் அண்ணாந்துதான்."

"அம்மா, இது எந்தா ஹாஸ்டலா?" என்றான் நாயகம். இங்கேயே வளர்ந்தவன், பேச்சில் பாதி மலையாளம். "தாத்தா பார்த்தா எந்து பிரச்னை?"

அவனுக்கு அது புரியாது. எங்கள் பக்கத்து வீடுகளில் தம்ளர் விளிம்பில் உதடு பட்டால் அது எச்சில். அந்தத் தம்ளரைப் புளி போட்டுத் தேய்க்காமல் மற்றப் பாத்திரங்களோடு சேர்க்க மாட்டார்கள். குழந்தை பால்குடி மறந்ததும் முதலில் கற்றுக்கொடுப்பது அண்ணாந்து குடிக்கத்தான். நான் மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே பழகியது நினைவிருக்கிறது. அப்பா ஆற்றிலிருந்து வந்து நடு முற்றத்தில் நின்று செம்பைத் தூக்குவார். ஒரு கோடாக இறங்கும். தொண்டை மட்டும் ஏறி இறங்கும். நெஞ்சில் ஒரு சொட்டு விழாது. அம்மா அடுக்களையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்படி ஒரு அழகு அது. இப்போதும் கண்ணை மூடினால் அந்தச் சத்தம் கேட்கிறது.

அப்பேர்ப்பட்டவர் மகள் தம்பானூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, எல்லாரையும் போலச் சுடுதண்ணீரை உறிஞ்சிக் குடிக்கப் பழகிவிட்டாள் என்று அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். கொதிக்கிற தண்ணீரை அண்ணாந்தா குடிக்க முடியும்? ஆனாலும் அப்பாவுக்கு முன்னால் நான் ஊரில் விட்டுவந்த அதே பெண்ணாக இருக்க ஆசை. வேறொன்றுமில்லை.

3

அப்பா வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சாயங்காலம் கரமனையாற்றங்கரை வரை அத்தானோடு நடப்பார். முதல் நாள் ஆற்றைப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது ஓடுதா நிக்குதா?" என்று கேட்டாராம். அத்தான் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒரு மாதம் என்பது தீபாவளி கழியட்டும் என்று நீண்டது, பிறகு பொங்கல் கழியட்டும் என்று ஆயிற்று. தை பிறந்தபோது அப்பா பாதியாக இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. எழுந்தால் தள்ளாட்டம். மலச்சிக்கல். மத்தியானம் முழுக்க அசதி. "ஊருக்குப் போனா எல்லாம் சரியாயிரும்" என்று சாவியைத் தடவிக்கொண்டார். அனுப்பினால் தனியாகக் கிடந்து ஒரு நாள் முடிந்துபோவார். வைத்துக்கொண்டால் என் கண் முன்னாலேயே தேய்கிறார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

சோறுதான் சேரவில்லை என்று முடிவு கட்டினேன். இங்கே தடியாகச் சிவப்பு மட்டை அரிசி. அரிசி விற்றவருக்கு அதைப் போட்டால்? முதல் நாளே ஒரு பருக்கையை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்து, "இது பருப்பா, அரிசியாட்டி?" என்றவர். அத்தானைக் கடையில் சொல்லி வைத்து ஊர் அரிசி வரவழைத்தேன். தேங்காயெண்ணெயை ஒதுக்கி நல்லெண்ணெய்க்கு மாறினேன். தோலுளுந்து போட்டு உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், சொதி, பாசிப்பயறுக் கடைசல், கீரை. பல்லுக்கு இடைஞ்சலில்லாமல் எல்லாம் குழைய வைத்து, மூன்று வேளையை ஐந்தாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். ராத்திரிச் சாப்பாட்டை விளக்கேற்றும் நேரத்துக்கே முடித்துவிடுவோம். இதெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். வயதானவர்களுக்குப் பருப்பும் பயறும் தயிரும் குறையவே கூடாது. வெறும் கஞ்சியும் ரசமுமாகக் கொடுத்துச் சதை கரைய விடுகிறோம் என்று பின்னால் ஆஸ்பத்திரி டாக்டர் பெண்ணும் சொன்னாள்.

நாயகம் கழக்கூட்டத்திலிருந்து ஒரு பெரிய டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேலே தோளும் மார்புமாக ஒரு பயில்வான் படம்.

"தாத்தாக்கு புரோட்டீன் குறவாணு அம்மா. டெய்லி ரெண்டு ஸ்பூன். கேட்டோ தாத்தா?"

அப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். "ஏல நாயகம், இதக் குடிச்சுட்டு நான் யாரோட மல்லுக்கு நிக்கணும்?"

வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து நெஞ்சைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துண்டு எப்போது பார்த்தாலும் ஈரமாக இருந்தது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் வேர்க்காமல் என்ன செய்யும் என்று நானும் தினம் ஒரு துண்டைத் துவைத்துப் போட்டேன். எத்தனையோ பார்த்தேன், அந்தத் துண்டை மட்டும் பார்க்கவில்லை.

4

பங்குனியில் ஒரு காலை. கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, "சிவாமி எங்கட்டி போனா? இன்னும் ஆத்துல இருந்து வரலையா?" என்றார்.

சிவகாமி என் அம்மா. அப்பா வாயில் அது எப்போதும் சிவாமிதான். கையில் இருந்த கரண்டியோடு கட்டிலுக்கு ஓடினேன். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. "அப்பா, என்னப் பாருங்க, நான் மீனா" என்றேன். "மீனாதான, தெரியாமலா? அம்மையக் கூப்பிடு" என்றார். எல்லாம் முடிந்தது, புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அத்தான் ஆட்டோ பிடிக்க ஓடினார். நான் அப்பாவுக்குச் சட்டையை மாட்டிப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டேன்.

ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் அந்தப் பதற்றத்திலும் ஒரு கூத்து. சீட்டுப் போடுகிற பெண் பெயர், வயது கேட்டுவிட்டு, "வீட்டுப்பேரு?" என்றாள். கேரளத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பெயர் உண்டு. அது இல்லாமல் எந்தக் கட்டமும் நிரம்பாது. நமக்குத் தெருவுக்குத்தான் பெயர், வீட்டுக்கு ஏது? நான் இங்கே வந்த முதல் வருஷம் ரேஷன் ஆபீஸிலும் இதே கேள்விதான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, வாயில் வந்த அம்பாசமுத்திரத்தைச் சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து கரமனையில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பெயர் அம்பாசமுத்திரம். மின்சாரக் கட்டணம், கேஸ் புத்தகம், நாயகத்தின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அதுதான். அப்பா சீட்டிலும் அதுவே விழுந்தது. ஊருக்குப் போகணும் என்று துடிக்கிற மனிதரை ஊர்ப் பெயரிலேயே சேர்த்துவிட்டு நின்றேன்.

டாக்டர் சின்னப் பெண். நாயகத்தைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். "அப்பூப்பா, நாக்கு ஒந்நு நீட்டிக்கே" என்றாள். இங்கே தாத்தாவுக்கு அப்பூப்பன். அப்பா நீட்டினார். நாக்கு வெடித்து வறண்டு கிடந்தது. ரத்தமும் சிறுநீரும் பார்த்தார்கள். டிரிப் ஏற்றினார்கள். நான் என் சமையலையெல்லாம் ஒப்பித்தேன், உளுந்தஞ்சோறிலிருந்து பயில்வான் டப்பாவரை. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஆகாரம் ஒக்கெ நல்லதாணு சேச்சி. பக்ஷே வெள்ளம் போரா."

சாப்பாட்டில் குறையில்லை, தண்ணீர்தான் பற்றவில்லை. அதற்குப் பிறகு பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக அவள் சொன்னதை ஊர்க்காரர்களுக்காக இங்கே எழுதுகிறேன். வயதாக ஆகத் தாகம் என்பதே மங்கிவிடுமாம். உடம்பு வறண்டாலும் நாக்கு கேட்காது. அதனால் அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நாம்தான் வேளாவேளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தண்ணீர்தான் என்றில்லை, மோர், கஞ்சித்தண்ணீர், ரசம், பழச்சாறு எல்லாம் கணக்கில் சேரும். சிறுநீர் மஞ்சளாக அடர்ந்து போனால் எச்சரிக்கை. தலைசுற்றல், மலச்சிக்கல், திடீரென்று ஆள் தடுமாறிப் பேசுவது இதெல்லாம் தண்ணீர்க் குறைவாகவும் இருக்கலாம். உடனே மூப்பு, மறதி என்று நாமே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கு மட்டும் எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமாக ஊற்றக் கூடாது.

"அப்பூப்பா, வெள்ளம் குடிக்குமல்லோ?"

"குடிக்கேன், குடிக்கேன். தண்ணி குடிக்காம மனுசன் இருப்பானா?" என்றார் அப்பா. அவர் கண் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தெளிந்துவிட்டார். கட்டிலில் படுத்தபடியே, "நேத்து ஏதும் ஒளறுனேனாட்டி?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லப்பா" என்றேன். வெளியே வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

5

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு செம்பும் தம்ளரும் வைத்தேன். போகும்போது வரும்போதெல்லாம், "அப்பா, தண்ணி" என்பேன். "இப்பதான் குடிச்சேன்" என்பார். செம்பில் தண்ணீர் குறைந்திருக்கும். எனக்கும் சமாதானமாக இருக்கும். ஆனால் நாக்கு மறுபடி வறண்டது. எழுந்து நிற்கையில் மறுபடி சுவரைப் பிடித்தார்.

ஒரு மத்தியானம் மோர் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தவள் அடுக்களை நிலையிலேயே நின்றுவிட்டேன். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தம்ளரைத் தூக்கிக்கொண்டிருந்தார். தலையைப் பின்னால் சாய்க்கப் பார்க்கிறார். கழுத்து பாதிக்கு மேல் போகவில்லை. முகம் சுளிக்கிறது. அப்படியே கண்ணை இறுக்கிக்கொண்டு ஊற்றினார். வாய்க்குள் போனது கொஞ்சம், நெஞ்சில் வழிந்தது பாதி. புரையேறி, சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமினார். இருமல் அடங்கியதும் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு மெல்ல நெஞ்சைத் துடைத்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர் போல உட்கார்ந்துகொண்டார்.

முற்றத்தில் நின்று செம்பைத் தூக்கிய மனிதர். ஒரு சொட்டு சிந்தாத மனிதர்.

அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக உறைத்தது. அந்தக் குளியலறை வழுக்கலில் கழுத்துப் பிடித்துக்கொண்டதை ஒரு தடவை சொன்னார், தைலம் தேய்த்ததோடு விட்டுவிட்டோம். அண்ணாந்தால் வலி, தலைசுற்றல், புரையேற்றம். வாய் வைத்துக் குடித்தால் எச்சில். அதுவும் மகள் வீட்டில், மாப்பிள்ளைக்கு முன்னால். அந்த வீட்டில் மாப்பிள்ளை அண்ணாந்து குடிக்கிறார், பேரன் அண்ணாந்து குடிக்கிறான், மகள் அண்ணாந்து குடிக்கிறாள். எல்லாரும் சுத்தமாக இருக்கிற இடத்தில் தான் ஒருத்தர் மட்டும் எப்படி எச்சில் பண்ணுவது? குடிக்காமலே இருந்துவிட்டார். சிவந்த தண்ணீரை ஒளித்து வைத்து, அடுக்களையில் முதுகைத் திருப்பிக்கொண்டு உதடு வைத்துக் குடித்த நான் அந்த மனிதரை வறள விட்டிருக்கிறேன். ஒருத்தருக்கு ஒருத்தர் ஒளித்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். இந்தப் பைத்தியக்காரத்தனம் எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கு வரும்!

6

டாக்டரிடம் போனில் சொன்னேன். "ஐயோ, தலை பின்னால சாய்ச்சுக் குடிக்கவே பாடில்லா" என்றாள். கூடவே கூடாதாம். வயதானவர்கள் நேராக உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் குனிந்த மாதிரி வைத்து, மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டுமாம். அண்ணாந்தால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

சொல்வது சுலபம். நாயகம் ஒரு கட்டு உறிஞ்சுகுழல் வாங்கி வந்தான். "நான் என்ன எளநி குடிக்க வந்தவனால?" என்று அப்பா தள்ளிவிட்டார். அத்தான் மருந்துக் கடையிலிருந்து மூக்கு வைத்த கோப்பை ஒன்று கொண்டுவந்தார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடுத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டு, "மாப்ள, ஞாயித்துக்கிழமை எனக்கு ரயிலுக்குச் சீட்டு எடுத்துருங்க" என்றார்.

அன்று ராத்திரி நான் அத்தானையும் நாயகத்தையும் மறுபடி உட்கார வைத்தேன். இந்தக் கூட்டத்தில் அதிகம் பேசவில்லை.

மறுநாள் காலைப் பலகாரம். நாலு பேரும் மேஜையில். இட்லி, தக்காளிச் சட்னி. நான் அடுக்களைக்குப் போய் அந்தச் சிவப்பு ஜக்கை எடுத்து வந்து நடுவில் வைத்தேன். என் தம்ளரில் ஊற்றினேன். அப்பா பார்த்துக்கொண்டே இருக்க, விளிம்பில் உதட்டை வைத்து மடக்கு மடக்காக முழுவதையும் குடித்தேன். இன்னொரு கை தானாகத் தலைக்குப் போயிற்று. சின்ன வயதில் இதற்குத் தலையில் குட்டு வாங்கியவள் அல்லவா!

அப்பா இட்லியைப் பிட்டபடி நிறுத்திவிட்டார்.

"ஏட்டி."

"ஆமாப்பா."

"எப்பம் இருந்து?"

"இங்க வந்த மறு வருசத்துல இருந்து. நீங்க வருத்தப்படுவீகன்னு சொல்லல."

நாயகம் தன் பீங்கான் கோப்பையை வாயில் வைத்து உறிஞ்சினான், வேண்டுமென்றே சத்தமாக. அத்தான் ஒரு நிமிஷம் யோசித்தார். எத்தனை வருஷம் இங்கே இருந்தும் மாமனார் முன்னால் கூச்சம். பிறகு அவரும் தம்ளரை உதட்டில் வைத்தார். மீசையில் ஒரு சொட்டு தொங்கியது.

அப்பா யாரையும் பார்க்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கையைக் கழுவினார். தன் அறைக்குள் போனார். பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. போயிற்று, ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, இன்றைக்கே கிளம்புகிறார் என்று நினைத்தேன். நான் எழுந்திருக்கப் போனேன். அத்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

தட்டில் இட்லி ஆறியது. பிறகு அப்பா மெல்ல நடந்து வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தம்ளர். பழசு, விளிம்பு ஒரு இடத்தில் நசுங்கியது. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அடியில் பெயர் வெட்டியிருக்கும். சிவகாமி. அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த பாத்திரங்களில் ஒன்று. ஊரை விட்டுக் கிளம்பும்போது நாலு வேட்டியும் இந்தத் தம்ளரும்தான் எடுத்து வந்திருக்கிறார். இத்தனை மாதமும் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"படுக்கையில விழுந்த பெறவு அவளால அண்ணாக்க முடியல" என்றார். தம்ளரைப் பார்த்துத்தான் பேசினார். "நான்தான் தூக்கி வச்சுக் குடுப்பேன். இதுல வாய் வச்சுத்தான் குடிச்சா. மக வந்தாச் சொல்லிராதீக, சிரிப்பான்னு சொன்னா."

நான் சிரிக்கவில்லை. அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது நான் போயிருந்தேன். என் முன்னால் அவள் தண்ணீரே கேட்கவில்லை. தாகமில்லை தாகமில்லை என்றாள்.

"இதுல ஊத்து" என்றார் அப்பா.

ஊற்றினேன். அப்பா அதைத் தூக்கி, விளிம்பை விரலால் ஒருமுறை தடவினார். "யாரு எச்சில்? அவ எச்சில்தான. எனக்கென்ன" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தலையைச் சாய்க்காமல், அப்படியே குனிந்து உதட்டை வைத்தார். தொண்டை ஏறி இறங்கியது. நெஞ்சில் ஒரு சொட்டு விழவில்லை.

பாதி குடித்தவர் நிறுத்தி, தம்ளருக்குள் உற்றுப் பார்த்தார்.

"என்னட்டி இது, துணி அலசுன தண்ணியா?"

அத்தானுக்குச் சிரிப்பு வந்து இட்லி புரையேறிவிட்டது. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நாயகம் ஒன்றும் புரியாமல் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தான்.

அப்பா மிச்சத்தையும் குடித்து முடித்தார். தம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."